விழுந்தவன் மேல்தான் தப்பு

அன்புசெல்வனைச் சபையில் ‘ஆழமான பிரதர்’ என்பார்கள். பாஸ்டர் வசந்தகுமார் ஒரு வசனத்தை எடுத்தால் அரை மணி நேரத்தில் முடித்து, ஆசீர்வாதம் சொல்லி, எல்லாரையும் சோற்றுக்கு அனுப்பிவிடுவார். அன்புசெல்வன் எடுத்தால் அது அடி காணாத கிணறு. காக்கைக்கு ஒரு அர்த்தம், ஆட்டுக்கு ஒரு அர்த்தம், அப்பத்துக்கு ஒரு அர்த்தம், அப்பம் வைத்த கூடைக்கு இரண்டு அர்த்தம். கேட்பவர்களுக்குப் பாதி புரியாது. அந்தப் புரியாத பாதிதான் ஆழம் என்று சபை நம்பியது. அவரும் நம்பினார்.

வார நாட்களில் அவர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார்களுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் ஒரு தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி. யாருக்காவது அடிபட்டால் விசாரித்து அறிக்கை எழுதுவது அவர் வேலை. அதற்கு ஒரு படிவம் உண்டு. அதில் ஐந்து கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு ‘ஏன்’ கேட்டுப் பதில் எழுத வேண்டும். ஐந்தாவது ஏனுக்கு வரும் பதில்தான் மூல காரணம்.

ஒருமுறை ஒருவன் எண்ணெயில் வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டான். ஏன் விழுந்தான்? எண்ணெயை மிதித்தான். ஏன் மிதித்தான்? பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை? தூக்கக் கலக்கம். ஏன் கலக்கம்? முந்தின நாள் தூங்கவில்லை. ஏன் தூங்கவில்லை? மச்சான் கல்யாணத்துக்கு ஆர்.கே.பேட்டை போயிருந்தான். ஆக, விபத்துக்கு மூல காரணம் மச்சானின் கல்யாணம். தரையில் எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று கேட்க ஆறாவது ஏன் வேண்டும். படிவத்தில் இடமில்லை. மேலாளர் பூவராகவனுக்கு அந்தப் படிவம் ரொம்பப் பிடிக்கும். “அன்பு எழுதினா ஆடிட்டர் வாயத் தொறக்க மாட்டான்” என்பார்.

தொழிற்சாலைச் சுவரிலும் பேருந்துகளின் முதுகிலும் ‘பாதுகாப்பு உன் கையில்’ என்று எழுதியிருக்கும். அந்த வாசகத்தை எழுதிப் பரிசாக ஒரு டிபன் கேரியர் வாங்கியவரும் அன்புசெல்வன்தான்.

நல்ல சமாரியன் உவமைக்குள் அவர் ஆழம் கண்டது ஒரு ஆனி மாதத்தில். கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போன ஒருவனைத் திருடர்கள் அடித்துக் குற்றுயிராகப் போட்டுவிட்டுப் போகிறார்கள். ஆலயத்து ஆசாரியன் பார்த்துவிட்டு ஒதுங்கிப் போகிறான். ஆலய ஊழியம் செய்கிற லேவியனும் அப்படியே போகிறான். யூதர்கள் தொட்டால் தீட்டு என்று ஒதுக்கிய சமாரியன் ஒருவன் நின்று, காயத்தில் எண்ணெய் வார்த்துக் கட்டி, தன் கழுதையில் ஏற்றிச் சத்திரத்தில் சேர்க்கிறான். ‘எனக்கு அயலான் யார்’ என்று மடக்கக் கேட்ட வேத பண்டிதனுக்கு ஆண்டவர் சொன்ன கதை இது. இதில் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் புரியாதது ஒன்றுமில்லை. அதுதான் அன்புசெல்வனுக்கு உறுத்தியது. பிள்ளைகளுக்குப் புரிகிற இடத்தில் ஆழம் எப்படி இருக்கும்?

அவர் ஐந்து ஏன்களை எடுத்துக்கொண்டு உவமைக்குள் இறங்கினார். ஏன் அடிபட்டான்? திருடர்கள் இருந்தார்கள். ஏன் இருந்தார்கள்? அது ஆளில்லாத வழி. ஏன் அந்த வழியில் போனான்? எரிகோவுக்குப் போக ஆசைப்பட்டான். ஏன் ஆசைப்பட்டான்? எருசலேமில் மனம் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை? விசுவாசம் குறைவு. பாருங்கள், அவன் எரிகோவுக்கு ‘ஏறி’ப் போகவில்லை, ‘இறங்கி’ப் போனான். தேவ சமுகத்தை விட்டு இறங்கினவன் அடிபடத்தான் செய்வான். மூல காரணம் விழுந்தவனேதான்.

மீதியெல்லாம் தானாக வந்து உட்கார்ந்தது. சமாரியன் கிறிஸ்து. எண்ணெய் பரிசுத்த ஆவி. சத்திரக்காரனுக்குக் கொடுத்த இரண்டு காசு பழைய ஏற்பாடும் புதிய ஏற்பாடும். சத்திரம் சபை. சத்திரக்காரன் பாஸ்டர். இந்தக் கடைசி அர்த்தத்தைக் கேட்டபோது பாஸ்டர் வசந்தகுமார் கண்ணை மூடி, “ஸ்தோத்திரம்” என்றார். கழுதை யார் என்பதற்கு மட்டும் சரியான ஆள் கிடைக்கவில்லை. துணை பாஸ்டர் என்று வைத்துப் பார்த்தார். அவர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இரண்டாம் சனிக்கிழமை ஆண்கள் ஐக்கியக் கூட்டத்தில் இந்தச் செய்தியைக் கொடுப்பதாக ஏற்பாடு. கவரைப்பேட்டையிலிருந்து சத்தியவேடு போகிற சாலையில் ஒரு விசுவாசியின் மாடியில், காலை ஏழு மணிக்கு, நாஷ்டாவோடு.

அன்புசெல்வன் ஆறு மணிக்கே பைக்கில் கிளம்பினார். ஹெல்மெட் பெட்ரோல் டேங்கின் மேல் கைக்குழந்தை போல உட்கார்ந்திருந்தது. காதில் இயர்போன். செய்தியை ஒருமுறை சொல்லிப் பார்த்துப் போனில் பதிவு செய்துகொண்டே போனார். கவரைப்பேட்டை தாண்டி, செங்கல் சூளைக்குப் பக்கத்து வளைவில், “பிரியமானவர்களே, அவன் ஏன் விழுந்தான்” என்று கேட்ட அதே நொடியில், யாரோ ஒரு லாரிக்காரன் சிந்திவிட்டுப் போயிருந்த மணலில் முன்சக்கரம் வழுக்கியது.

எழுந்திருக்கப் பார்த்தபோது அவர் சாலையோர வாய்க்காலில் பாதி சேற்றிலும் பாதி கோரையிலும் கிடந்தார். இடது கால் முழங்காலுக்குக் கீழே, கால் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. நெற்றியிலிருந்து வழிந்த ரத்தம் சேற்றோடு சேர்ந்து முகத்தை மூடியது. பைக் மேலே சாலையோரத்தில் சாய்ந்து கிடந்தது. போன் இரண்டு முழம் தள்ளிக் கோரைக்குள் கிடந்தது.

முதலில் வந்தது அவருடைய தொழிற்சாலைப் பேருந்து. காலை ஷிப்ட் ஆட்களோடு வந்தது. ஜன்னலோர முகங்கள் எட்டிப் பார்த்தன. ஒருவன் போனை நீட்டிப் படம் பிடித்தான். பேருந்து நிற்கவில்லை. ஓட்டுநரைக் குறை சொல்ல முடியாது. எக்காரணம் கொண்டும் பேருந்தை நடுவழியில் நிறுத்தக்கூடாது என்று போன வருடம் சுற்றறிக்கை விட்டவர் அன்புசெல்வன். சேற்றில் கிடந்தபடி, தூரத்தில் சின்னதாகிக்கொண்டே போன பேருந்தின் முதுகில் தன் வாசகத்தை அவர் கடைசி எழுத்து வரை படித்தார்.

கொஞ்ச நேரத்தில் கோரைக்குள் போன் அடித்தது. திரையில் ‘பாஸ்டர்’. அது அடித்துக்கொண்டிருக்கும்போதே பாஸ்டரின் வெள்ளைக் கார் வளைவில் திரும்பியது. அன்புசெல்வனுக்கு உயிர் திரும்பியது போலிருந்தது. கார் மெதுவானது. கண்ணாடி நாலு விரல் அளவுக்கு இறங்கியது. பாஸ்டர் ஒரு காதில் போனை வைத்தபடி வாய்க்காலைப் பார்த்தார்.

“காலங்காத்தாலயே ஊத்திகினு வந்து உழுந்து கெடக்குறான் பாரு. ஆண்டவரே, இந்த ஜனத்துக்கு இரங்கும்” என்றார். பிறகு தனக்குத்தானே, “பிரதர் இன்னா போனே எடுக்க மாட்டேன்றாரு. லேட்டாவுது” என்றார். கண்ணாடி ஏறியது. கார் போனது. கோரைக்குள் இன்னும் இரண்டு முறை அடித்துவிட்டுப் போன் ஓய்ந்தது.

அதற்குப் பிறகு எத்தனை வண்டிகள் போயின என்று அவருக்குத் தெரியாது. மீன் வாடை அடித்தது. சின்ன லோடு வண்டி, குட்டியானை ஒன்று நிற்கும் சத்தம். ஒருவன் இறங்கி வாய்க்காலுக்குள் கால் வைத்தான். குனிந்து தன் லுங்கி நுனியால் அவர் முகத்தைத் துடைத்தான். துடைத்த கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை.

அந்தக் கையை அன்புசெல்வனுக்குத் தெரியும். விரல்களோடு இருந்தபோதும் தெரியும்.

செங்கல்வராயன் அவருடைய தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. பிரஸ் மெஷினில் ஆள் கை உள்ளே இருந்தால் மெஷினை நிறுத்துவதற்கு ஒரு சென்சார் உண்டு. அது அடிக்கடி நிறுத்துவதால் உற்பத்தி குறைகிறது என்று பூவராகவன் அதன் ஒயரைக் கழற்றச் சொல்லியிருந்தார். கழற்றி ஒன்பதாம் நாள் செங்கல்வராயனின் இரண்டு விரல்கள் போயின. அன்புசெல்வன் அறிக்கை எழுதினார். ஏன் விரல் போனது? கையை உள்ளே விட்டார். ஏன் விட்டார்? கவனமில்லை. ஏன் கவனமில்லை? மனம் வேறிடத்தில். ஏன்? வீட்டுக் கவலை. ஏன்? மனைவிக்கு ஒன்பதாம் மாதம். சென்சார் ஒயருக்குப் படிவத்தில் இடம் போதவில்லை. அறிக்கையின் பலத்தில் நிர்வாகம் அவரை வேலையிலிருந்து நிறுத்தியது. நஷ்டஈடு கேட்டு அவர் போட்ட மனுவும் அதே அறிக்கையில் முட்டி நின்றுவிட்டது. இதெல்லாம் இரண்டு வருடத்துக்கு முந்தைய கதை. அதன்பின் அவர் என்ன ஆனார் என்று அன்புசெல்வன் விசாரித்ததில்லை. பழவேற்காட்டிலிருந்து சத்தியவேடு சந்தைக்கு மீன் ஏற்றிக்கொண்டிருந்தார் என்பது இப்போது தெரிந்தது.

“சார். அன்புசெல்வன் சாரா இது?”

அன்புசெல்வன் கண்ணை மூடிக்கொண்டார். மயங்கிக் கிடப்பவனிடம் யாரும் பழைய பேச்சை எடுக்க மாட்டார்கள் என்று ஒரு கணக்கு.

செங்கல்வராயன் கொஞ்ச நேரம் சும்மா நின்றார். அந்தக் கொஞ்ச நேரத்தில் அன்புசெல்வன் தன் வாழ்நாளில் செய்யாத அளவுக்கு ஜெபம் செய்தார். அதில் ஆழம் ஒன்றும் இல்லை. ‘போயிடாதே’ என்ற ஒரே சொல்தான்.

“கண்ண மூடிக்கினாலும் இமை ஆடுது சார்” என்றார் செங்கல்வராயன். “சரி, உங்க வசதிப்படி இருங்க.”

மீன் பெட்டியின் பலகை ஒன்றை உடைத்துக் காலுக்கு அண்டை கொடுத்து, தோளில் கிடந்த துண்டால் கட்டினார். கட்டும்போது அன்புசெல்வன் மயங்கியவருக்குப் பொருந்தாத வகையில் அலறினார். செங்கல்வராயன் அதைக் கேட்காதவர் போல வேலையைப் பார்த்தார். தூக்கும்போது வலது கையில் பிடி நிற்கவில்லை, இரண்டு முறை வழுக்கியது. மூன்றாம் முறை முதுகில் மூட்டை போல ஏற்றிக்கொண்டு மேலே வந்தார். மடவை மீன் பெட்டிகளை ஒதுக்கி, தார்ப்பாயை விரித்துப் படுக்கவைத்தார். மீனுக்கு வைத்திருந்த ஐஸை அள்ளிச் சாக்கில் போட்டுக் கால்மேல் வைத்தார்.

வண்டி சத்தியவேடு போகவில்லை. திரும்பிக் கும்மிடிப்பூண்டி நோக்கி ஓடியது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருந்த ஜன்னலில் கண்ணாடி இல்லை. வழியெல்லாம் அதன் வழியாகப் பேச்சு வந்துகொண்டிருந்தது.

“உங்க ரிப்போர்ட்ட நான் படிச்சேன் சார். எட்டாங்கிளாஸ்தான் படிச்சேன், ஆனா அத மனப்பாடமா படிச்சேன். அஞ்சாவது கட்டத்துல எம் பொண்டாட்டி வர்றா. பாவம், அவ மெஷினயே பாத்ததில்ல. பொண்ணு பொறந்திச்சி சார். எவனாவது கேட்டா, எங்கப்பன் வெரலு என்னாலதான் போச்சின்னு அது சொல்லணுமா?”

அன்புசெல்வன் மடவை மீன்களுக்கு நடுவில் கண்ணை மூடியே கிடந்தார். ஒரு மீனின் வால் அவர் காதைத் தொட்டுக்கொண்டிருந்தது.

“உங்கள அப்படியே உட்டுட்டுப் போயிடலாமான்னு ஒரு நிமிசம் நின்னேன் சார். பொய் சொல்ல மாட்டேன். நெறைய நேரம் நின்னேன்.”

மருத்துவமனையில் ஸ்ட்ரெச்சரில் மாற்றியபின் செங்கல்வராயன் கோரைக்குள்ளிருந்து எடுத்து வைத்திருந்த அவர் போனைக் கொண்டுவந்தார். வீட்டுக்குச் சொல்ல வேண்டும், போன் பூட்டியிருக்கிறது. “சார், அந்த வெரல கொஞ்சம் குடுங்க” என்று சொல்லி, அன்புசெல்வனின் வலது ஆள்காட்டி விரலை எடுத்துத் திரையில் அழுத்தினார். போன் திறந்தது. அந்த விரலைப் பார்த்துக்கொண்டே ஒரு கணம் பிடித்திருந்துவிட்டு, பத்திரமாக வயிற்றின் மேல் திரும்ப வைத்தார்.

விபத்துப் பதிவேட்டோடு ஒருவர் வந்தார். “கூட வந்தது யாரு? எப்படி ஆச்சு? ஹெல்மெட் போட்டிருந்தாரா? போன் பேசிகினு ஓட்டுனாரா?”

அன்புசெல்வனுக்குக் கால் வலி மறந்துபோனது. ஹெல்மெட்டை வாய்க்கால் மேட்டில் செங்கல்வராயன் பார்த்திருப்பார். இயர்போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டதே அவர்தான். ஐந்து ஏன்கள் வேண்டாம், இரண்டே போதும்.

“ரோட்டுல மணலு சார்” என்றார் செங்கல்வராயன். “லாரிக்காரன் கொட்டிட்டுப் போயிட்டான். யாரு வந்திருந்தாலும் உழுந்திருப்பாங்க. இவரு மேல தப்பு இல்ல.”

“நீங்க பாத்தீங்களா?”

“மணல பாத்தேன்.”

எழுதிக்கொண்டார்கள். செங்கல்வராயன் போய்விட்டார். ஐஸ் கரைந்த மீனை யார் வாங்கியிருப்பார்கள் என்று அன்புசெல்வன் அப்போது நினைக்கவில்லை. அப்போது அவர் நிஜமாகவே மயங்கியிருந்தார்.

அன்று மாலை சபை மருத்துவமனைக்கு வந்தது. பாஸ்டர் வசந்தகுமார் ஆப்பிள் வாங்கிவந்தார். காலையில் வழியில் ஒரு குடிகாரன் விழுந்து கிடந்ததைப் பார்த்ததாகவும், அவனுக்காகக் காரிலேயே ஜெபித்ததாகவும், அன்புசெல்வன் வராததால் நல்ல சமாரியன் செய்தியைத் தானே கொடுத்ததாகவும் சொன்னார். “சத்திரக்காரன் பாயிண்ட் நல்லா போச்சு பிரதர். எல்லாரும் தொடப்பட்டாங்க.”

அன்புசெல்வன், அந்தக் குடிகாரன் நான்தான் என்று சொல்லவில்லை. ஆப்பிள் வாங்கிவந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது?

“உங்கள இங்க கொண்டாந்து சேர்த்தது யாரு பிரதர்?”

“யாரோ ஒரு வண்டிக்காரர்.”

“தேவதூதன்” என்றார் பாஸ்டர். அது வசதியாக இருந்தது. தேவதூதனுக்குப் பெயர் வேண்டாம், முகவரி வேண்டாம், போய் நன்றி சொல்ல வேண்டாம். அந்த வாரம் பதினோரு பேர் கேட்டார்கள். பதினோரு பேருக்கும் அன்புசெல்வன் ‘யாரோ ஒரு வண்டிக்காரர்’ என்றே சொன்னார். பூவராகவனும் போன் செய்து கேட்டார். அவரிடம் ‘யாரோ ஒருத்தர்’ என்றார், வண்டியைக்கூட எடுத்துவிட்டார்.

வீட்டில் ஒன்றரை மாதம், கட்டுப்போட்ட காலைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தார். வேறு வேலையில்லை. கதையைத் திரும்பப் படித்தார். ஆழத்துக்காக இல்லை, பொழுது போகத்தான். வாய்க்காலில் கிடந்துவிட்டு வந்த பிறகு படித்தால் அதில் எண்ணெயும் காசும் கண்ணுக்குப் படவில்லை. கீழே கிடந்தவனுக்கு அதெல்லாம் தெரிந்திருக்காது. வந்தவன் நிற்பானா போவானா என்பது ஒன்றுதான் அவனுக்குத் தெரிந்திருக்கும். ஐந்து ஏன் கேட்பவர்கள் இரண்டு பேர் போய்விட்டார்கள். ஒன்றும் கேட்காதவன் நின்றான்.

கதையின் கடைசியில் ஓரிடம். இந்த மூன்று பேரில் விழுந்தவனுக்கு அயலானாக நடந்தது யார் என்று ஆண்டவர் பண்டிதனைக் கேட்கிறார். சமாரியன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே சொல். பண்டிதன் அதைச் சொல்லவில்லை. அவனுக்கு இரக்கம் செய்தவனே என்று சுற்றி வளைக்கிறான். சமாரியன் என்று சொன்னால் நாக்கில் தீட்டு ஒட்டிக்கொள்ளும்.

அன்புசெல்வன் புத்தகத்தை மூடிவிட்டார். இருபது வருடமாக அந்த இடத்தைத் தாண்டிப் போயிருக்கிறார். அதற்கு ஒரு அர்த்தமும் வைத்ததில்லை. இப்போது அது தானாக வந்து அவர் நெஞ்சில் உட்கார்ந்தது. ‘யாரோ ஒரு வண்டிக்காரர்’.

மனைவி மோனிகா காபி கொண்டுவந்தாள். அவளிடம் மெதுவாகத் தொடங்கினார். “அந்த வண்டிக்காரர்...”

“செங்கல்வராயன்” என்றாள் மோனிகா.

“உனக்கு எப்படித் தெரியும்?”

“போன்ல பேரு சொல்லித்தானே பேசினாரு. ‘அம்மா, எம்பேரு செங்கல்வராயன், சாருக்குத் தெரியும், பயப்படாதீங்க’ன்னாரு. நீங்க வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் யாரோ யாரோன்னு சொல்றீங்களே, இன்னா விஷயம்னு பாத்துக்கினுதான் இருக்கேன்.” டம்ளரைக் கையில் கொடுத்தாள். “அவரு கையில வெரலு இல்லன்னு நர்ஸு சொல்லிச்சி. உங்க கம்பெனியிலதான் போச்சா?”

அவர் காபியைக் குடித்து முடித்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். சென்சார் ஒயர், ஒன்பதாம் மாதம், ஐந்தாவது கட்டம். மோனிகா முழுவதையும் கேட்டாள். கடைசியில், “ஒரு ஏன் கொறையுதுங்க” என்றாள். “நீங்க ஏன் அப்படி எழுதினீங்க?” என்று கேட்டுவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

கட்டுப் பிரித்த ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர் அவரைச் சாட்சி சொல்ல மேடைக்கு அழைத்தார். தேவதூதன் சாட்சிக்குச் சபை தயாராக இருந்தது. முன்வரிசையில் ஒருவர் கைக்குட்டையைக்கூட எடுத்துவிட்டார். அன்புசெல்வன் ஊன்றுகோலை மைக் ஸ்டாண்டில் சாய்த்துவைத்தார்.

“என்னைத் தூக்கினது தேவதூதன் இல்ல. செங்கல்வராயன்னு ஒருத்தர். தேவதூதனுக்கு ரெண்டு விரல் குறையாதுன்னு நினைக்கிறேன். இவருக்குக் குறையும். அது போனதுக்கு இவர்தான் காரணம்னு பொய்யா எழுதினது நான்.”

விரல் போன விதத்தைச் சொன்னார். யார் பெயரையும் மறைக்கவில்லை. ஹெல்மெட் போடாததையும் சொன்னார். வாய்க்காலில் கிடந்த குடிகாரன் யார் என்பதையும் சொன்னார். அந்த இடத்தில் பாஸ்டர் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து எண் தேடத் தொடங்கினார். அன்புசெல்வன் தொடர்ந்தார். “நல்ல சமாரியன் உவமையில ஆழம் ஒன்னும் இல்ல. முட்டிக்கால் அளவு தண்ணிதான். நான்தான் இறங்க மாட்டேன்னு கரையிலயே நின்னு ஆழத்தைப் பத்திப் பேசிக்கினு இருந்தேன்.”

யாரும் ‘ஆமென்’ சொல்லவில்லை. கைக்குட்டைக்காரர் அதை மடித்துப் பைக்குள் வைத்தார். வெளியே வரும்போது மூத்தவர் ஒருவர் தோளைத் தட்டி, “நல்ல சாட்சிதான் பிரதர். ஆனா முன்னல்லாம் இன்னும் ஆழமா இருக்கும்” என்றார்.

சபையில் தொழிற்சாலை ஆட்கள் நாலு பேர் உண்டு. திங்கட்கிழமை காலை பூவராகவன் அவரை அறைக்கு அழைத்தார். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். ரொம்ப அன்பாகப் பேசினார்.

“அன்பு, தலையில எதனா அடிபட்டுச்சா?”

“கால்லதான் சார்.”

“சர்ச்சுல ஆயிரம் பேசலாம். அது உங்க ஆண்டவருக்கும் உங்களுக்கும். எழுத்துல எதுவும் வேணாம். என்ன?”

எழுத்தில்தான் வேண்டும் என்று அன்புசெல்வன் அன்று மாலையே ஒரு வாக்குமூலம் எழுதினார். படிவத்தில் எழுதவில்லை. நாலு பக்கம் வெள்ளைத் தாளில் எழுதினார். ஒரு பிரதியைத் தொழிலாளர் துறைக்கு அனுப்பிவிட்டு, இன்னொன்றை எடுத்துக்கொண்டு மோனிகாவோடு ஆட்டோவில் செங்கல்வராயன் வீட்டுக்குப் போனார்.

செங்கல்வராயன் வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். தாளை வாங்கி ஈரக்கை படாமல் நின்றபடியே நாலு பக்கத்தையும் படித்தார். அன்புசெல்வன், வழியெல்லாம் தயார் செய்திருந்த மன்னிப்பு வாக்கியங்களைத் தொடங்கினார். செங்கல்வராயன் கையைக் காட்டி நிறுத்தினார்.

“இத ரெண்டு வருசத்துக்கு முன்ன எழுதறதுக்கு இன்னா சார்? உங்க காலு ஒடையணுமா?”

 உள்ளிருந்து ஒரு பெண் குழந்தை தத்தித் தத்தி வந்து அன்புசெல்வனின் ஊன்றுகோலைப் பிடித்து இழுத்தது. கொடுத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நஷ்டஈட்டு மனுவைத் திரும்ப விசாரணைக்கு எடுத்தார்கள். அதற்குள் நிர்வாகம் அன்புசெல்வனைக் காட்டுப்பள்ளிப் பக்கம் இருந்த தன் கிடங்குக்கு மாற்றியது. அங்கே பாதுகாக்க வேண்டியவை மரப்பெட்டிகள் மட்டும். சபையில் வேறொரு பிரதர் ஆழத்துக்குப் பொறுப்பேற்றுக்கொண்டார். விசாரணையில் நிர்வாகத்தின் வக்கீல் வலது கையில் பழைய அறிக்கையையும் இடது கையில் புதிய வாக்குமூலத்தையும் பிடித்துக்கொண்டு, “இதில் எது பொய்?” என்றார்.

“வலது கையில இருக்கறது.”

“அப்போது பொய் எழுதியவர் இப்போது எழுத மாட்டார் என்று எப்படி நம்புவது?”

“நம்ப வேணாம் சார். மெஷினைப் போய்ப் பாருங்க. ஒயர் இன்னும் தொங்கிக்கினுதான் இருக்கு.”

போய்ப் பார்த்தார்கள். தொங்கிக்கொண்டுதான் இருந்தது. ஐந்தாம் வாய்தாவில் தீர்ப்பு செங்கல்வராயன் பக்கம் வந்தது. நிர்வாகம் மேல்முறையீடு போகும் என்று வக்கீல் படியிறங்கும்போதே சொல்லிவிட்டார்.

அன்று மதியம் இருவரும் திருவள்ளூரில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனார்கள். செங்கல்வராயன்தான் அழைத்தார். எதிரெதிரே உட்கார்ந்தார்கள். இலை போட்டார்கள். செங்கல்வராயன் இலையில் தண்ணீர் தெளித்து, மூன்று விரல் கையால் துடைத்தார்.

“சார், ஒன்னு சொல்றேன், கோச்சிக்காதீங்க. உங்கள நான் மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காதீங்க. உங்க சர்ச்சுல அப்படி எதனா சொல்லி வெக்காதீங்க.”

“சொல்லல” என்றார் அன்புசெல்வன்.

“அன்னிக்கித் தூக்கினது வேற. கெடந்தீங்க, தூக்கினேன். இது வேற. கையில ஒன்ன புடிக்கறப்பல்லாம் உங்க மூஞ்சி வருது எனக்கு. அது போனா, போச்சின்னு நானே சொல்றேன்.”

அன்புசெல்வன் தலையாட்டினார். தீர்ப்போடு எல்லாம் முடிந்தது, வீட்டுக்குப் போய் மோனிகாவிடம் நிம்மதியாகச் சொல்லலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தார். கடைக்காரர் சோற்றுக் கூடையோடு வந்து நின்றார். யாருக்கு முதலில் போடுவது என்று பார்த்தார்.

“அவருக்குப் போடுப்பா” என்றார் செங்கல்வராயன். “காலைலேர்ந்து ஒன்னும் துன்னல.”